மடிப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை

படம் வரைகிற மேசையில் அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் மகள் வாலு யாருக்கோ புத்தகம் வாசித்துக் காட்டுவது கேட்டது. பொம்மைகளுக்குத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தாள். காலையில் துவைத்துப் போட்ட பொம்மைகள் ஏழும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

வாலு வாசித்தது அம்மாவே எழுதி வரைந்த மடிப்பன் புத்தகம். ஊரில் மடிப்பனைத் தெரியாத குழந்தை கிடையாது. கைகால்களை மடித்து மடித்துச் சட்டிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒளிந்திருப்பான்; கத்துகிற பிள்ளையை விட்டு ஓடிவிடுவான்; கத்தாத பிள்ளையைக் கொண்டுபோய்விடுவான். பிள்ளைகளைப் பயமுறுத்தப் பெரியவர்கள் கட்டிவிட்ட கதை என்றுதான் அவளும் நம்பினாள்.

ஆனால் வாலு இரண்டு வருடமாகத் தன் அறையின் துணி அலமாரியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். பயத்தைச் சிரிப்பாக மாற்றிப் பாருங்கள் என்றார் மருத்துவர். அவள் மகளை மடியில் உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு வரைந்தாள். கை எவ்வளவு நீளம் என்றதற்கு, "அலமாரிலேர்ந்து என் கட்டில் வரைக்கும்" என்றாள் வாலு. பதிப்பகத்தில் பிள்ளைகள் பயந்துவிடும் என்றார்கள். கையைக் குட்டையாக்கி, தொப்பை வைத்து, கட்டம் போட்ட கால்சட்டை கழன்று விழுவதாகப் போட்டாள். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றோடு கத்தல் நின்றது. "உன் மடிப்பன் வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல என்னை யாரும் கண்டுக்கறதே இல்ல" என்று கணவர் கிண்டல் செய்தார். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இப்போது பக்கம் புரளும் ஓசை கேட்டது. பிறகு, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் புத்தகத்தைத் திருப்பிப் படம் காட்டும்போது விழுகிற இடைவெளி. அந்த இடைவெளி வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போக, கதவின் அடியிலிருந்து அந்துருண்டை வாசமும், பல வருடம் பிரிக்காத துணியின் புழுங்கிய வாசமும் மெல்ல வந்து, ஈரச் சாயத்தின் வாசத்தை மூடின.

"இப்ப சிரிக்கணும்" என்றாள் வாலு பொறுமையாக. "கால்சட்டை விழுதுல்ல? அதான் ஜோக்கு."

ஏதோ மரச்சாமான் முனகியது.

"வாலு, யாருகிட்ட பேசற?"

"மடிப்பன்கிட்டம்மா. அவனுக்குச் சிரிப்பே வரல."

விளையாட்டுதான், விளையாட்டுதான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தூரிகையை வைக்கும்போது கை தட்டி, கிண்ணத்துத் தண்ணீர் மேசையில் கொட்டியது.

"இங்க வாடா கண்ணு. பால் ஆறுது."

"இரும்மா. அவன் கை இவ்ளோ குட்டை இல்லையாம். காட்டறானாம்."

கட்டில் கிறீச்சிட்டது. எலும்பில் சொடக்கு எடுப்பதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. மூன்றாவது.

அவள் எழுந்தாள். நாலே எட்டு தூரம். வாலு கத்தினால் போதும் என்ற நினைப்பு மட்டும் தலைக்குள் நின்றது. எதைக் கட்டுக்கதை என்று நினைத்தாளோ, அதை இப்போது முழுதாக நம்பினாள்.

"கத்து" என்றாள். "வாலு, கத்துடி. பெருசா கத்து."

"எதுக்கும்மா?"

உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அந்தக் குரலில் பயம் துளிகூட இல்லை. பக்கம் பக்கமாக, வண்ணம் பூசிப் பூசி, அதை அம்மாதான் துடைத்து எடுத்திருந்தாள்.

அவளே கத்தினாள். அடிவயிற்றிலிருந்து. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எதுவும் ஓடவில்லை.

கதவு தாழிட்டிருக்கவில்லை. தள்ளினாள்.

சாயங்கால வெயில் அறை முழுக்க இருந்தது. தரையில் புத்தகம். அலமாரி திறந்திருந்தது. அதிலிருந்து கட்டில்வரை ஒரு கை. ஒரு மூட்டு. அப்புறம் இன்னொரு மூட்டு. அப்புறமும்.

கட்டிலில் வாலு. முழங்கால்கள் இரண்டும் பிடரிக்குப் பின்னால். ஒரு கை, மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"கூசுதும்மா" என்று சிரித்தாள் வாலு.

இஸ்திரி போட்ட சட்டையை நீவுவதுபோல நீண்ட விரல்கள் அவள் முதுகை நீவிவிட்டு, இன்னொரு மடிப்பு மடித்தன.