இருபது லிட்டர் கடல்

ஜவ்வாது மலையில் கடல் நாறியது.

மழை பிடித்த அந்தச் சாயங்காலம், மின்சாரம் போன மறு நிமிடமே, ஈர மண் வாசனையையும் விறகுப் புகையையும் தள்ளிக்கொண்டு, கரையில் ஒதுங்கிய பாசி அழுகுகிற வாடை கூடத்துக்குள் வந்து நின்றது. ஆய்வுக்காக மண்டபம் கடலில் மூன்று வருடம் மூழ்கி எழுந்த அருள்மணிக்கு அது தெரியாத வாடையா? ஆனாலும் மூக்கைச் சுளித்து, வீட்டுக்கார முத்தம்மாள் கருவாடு சுடுகிறாள் என்று முடிவு கட்டினான். இந்த ஜனங்களுக்கு வேறென்ன தெரியும்?

அவனுக்கு இந்த மலையே இளக்காரம். மனைவி வெண்ணிலாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. அதனால் முத்தம்மாள் வீட்டில் ஒரு பாதி வாடகைக்கு, சாப்பாடும் அவள் சமையல். வேலூர் ஆய்வகம் பூஜை விடுமுறைக்கு மூடிக்கிடந்ததால்தான் அந்தக் கேனை இங்கே தூக்கி வந்தான். வெளுத்துச் செத்த ஒரு பவளத்திட்டின் மேல் நின்ற தண்ணீர், இருபது லிட்டர். அதில் ஒரு சொட்டுக்கு லட்சக்கணக்கில் நுண்ணுயிர்கள். பவளம் உயிரோடு இருந்தவரை அடங்கிக் கிடந்து, அது செத்ததும் தின்று பெருகியவை. அந்தத் திட்டு அதற்குப் பிறகு புயலில் மணல்மூடிப் போயிற்று. கேன் போனால் அவனுடைய முனைவர் பட்டமும் போனதுதான்.

வந்த அன்றே முத்தம்மாள் கேட்டாள். "இன்னா சார் அது, கேன்ல?"

"உப்புத் தண்ணி. அதுக்கு மேல சொன்னா உனக்கு இன்னா புரியப் போவுது?"

தன் தாய் வயதுக்காரியிடம் அப்படிப் பேசியதில் அவனுக்கு ஒரு திருப்தி கூட.

இன்று காலை வெண்ணிலா காபியில் உப்பு போட்டுக் குடித்தாள். மலைக்காற்று மூளையைக் கெடுத்துவிட்டது என்று கிண்டலடித்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், ஏனென்று தெரியாமல், உப்பு ஜாடிக்குள் விரலை விட்டுச் சப்பினான். இனித்தது.

வாடை பின்கட்டு அறையிலிருந்துதான் வந்தது. கூரை ஒழுகும் சத்தத்தை எண்ணியபடி, சுவரைத் தடவிக்கொண்டே போய், அங்கே வைத்திருந்த கேனைப் பிடித்துத் தூக்கினான். கை சட்டென்று மேலே வந்தது.

காலி.

"ஏய், முத்தம்மா! இதுல இருந்த தண்ணி எங்க?"

இருட்டில் வாசற்படிப் பக்கமிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. "நீங்கதான உப்புத் தண்ணின்னு சொன்னீங்க. புளிக்கு ரெண்டு படி உப்பு வேணும், வூட்ல பிடி உப்புதான் இருந்துச்சி. அந்தத் தண்ணிய ஊத்திப் பெசஞ்சிட்டேன்."

"எந்தப் புளி?"

"எல்லாம்தான். முந்தாநாளு நீங்க மூணு டம்ளர் குட்ச்சீங்களே, பச்சப்புளி ரசம், அது கூட அதுலதான் கரைச்சேன். மிச்சப் புளிய காலைல செங்கம் சந்தைக்கு ஏத்தி வுட்டேன்."

கொதிக்க வைக்காத ரசம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக் குடித்தவன் அவன்தான். முட்டாள் பொம்பளை என்று திட்ட வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

அவள் முகம் தெரிந்தது.

விளக்கு இல்லை. நிலா இல்லை. பேசும்போது மட்டும், பற்களுக்குப் பின்னால், மங்கிய நீலம்.

அவனே எழுதியிருந்தான், ஆய்வேட்டின் நாற்பதாம் பக்கத்தில். கொஞ்சமாக இருக்கும்வரை அந்த நுண்ணுயிர்கள் ஒளிர்வதில்லை. போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டதென்று தெரிந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிரும்.

"இன்னாங்க?"

வெண்ணிலா. கையில் உப்பு ஜாடி. நறநறவென்று மென்றாள். கன்னத்துத் தோல் வழியாக நீலம் கசிந்தது.

"வாய மூடு," என்றான். "வெண்ணிலா, வாய மூடுடி."

எதிர்ச்சுவர் வெளிச்சமானது. அவன் பேசியபோது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்குகள் நீலமாயின. அவன் மூச்சு விட்டான். மூன்று வெளிச்சமும் ஒன்றாகக் கூடின. ஒன்றாகக் குறைந்தன.

வெண்ணிலா ஜாடியை நீட்டினாள்.

அருள்மணி வாயிலிருந்து கையை எடுத்து, ஜாடிக்குள் விட்டான்.