ஆறு கரண்டித் தண்ணீர்

நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். காலையில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துவர வேண்டிய ஒன்பதாம் நாள் அது. செவிலி நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"மெதுவா ரூம் கதவத் தொறங்க நர்ஸம்மா, ஈரக்காத்து உள்ள போயிடும்," என்றார், பேரனைத் தோளில் போட்டிருந்த மாமியார்.

பின்னறை ஜன்னலின் இடுக்குகளிலெல்லாம் பழந்துணி அடைத்திருந்தது. பட்டப்பகலிலும் கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. புளித்த பாலின் வாடை தொண்டையைக் கமறச் செய்தது. காதில் பஞ்சும் தலையில் இறுக்கிய கட்டுமாகக் கிடந்தவளின் உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடுகள் வெடித்திருந்தன. எழுந்து உட்காரவும் அவளுக்குத் தெம்பில்லை.

"தண்ணி எவ்வளவு குடுக்கறீங்க?"

"ஒரு நாளைக்கு ஆறு கரண்டி. பச்ச உடம்பு, வயிறு ஊதிடாது? மூத்தவ திருட்டுத்தனமா குடிச்சுத்தான் இதே கட்டில்ல போய்ச் சேந்தா. இந்தத் தடவ நான் ஏமாற மாட்டேன்."

மூத்தவள் மகனின் முதல் மனைவி. பத்து ஆண்டுகளுக்கு முன், பிள்ளை பெற்ற பதினோராம் நாள் இறந்தாள். நாவறண்டுதான் அவள் செத்திருப்பாள் என்று செவிலி சொல்லிப் பார்த்தார்.

"நாலு பெத்தவ நான், கல்லாட்டம் இருக்கேன். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஊசிதான்," என்றார் மாமியார்.

செவிலி குனிந்தபோது கட்டிலில் கிடந்தவள் கிசுகிசுத்தாள்.

"அந்த ஆறும் எனக்கு வர்றதில்லக்கா. பக்கத்துல படுத்திருக்கறவங்க குடிச்சிடறாங்க."

காய்ச்சல் பிதற்றல் என்று செவிலி முடிவுகட்டினார். ஆனாலும் கண் கட்டிலின் காலியான மறுபக்கம் போயிற்று.

அங்கே ஆள் படுத்தாற்போல மெத்தை அமுங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றியாம்மா?"

"கூட்டிட்டுப் போயிடுங்கக்கா."

கூடத்தில் நின்ற கணவனிடம், "இன்னிக்கே போகலன்னா உங்க மனைவி பிழைக்க மாட்டா," என்றார் செவிலி. அவன் தன் தாயின் முகத்தைப் பார்த்தான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க."

நல்லவேளையாக, முடிவு அவ்விருவருடையதும் அன்று. ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'வருகிறேன்', 'வரவில்லை' என இரண்டு கட்டங்கள். விரும்பும் கட்டத்தில் கோடிட்டு, பிள்ளை பெற்றவளே கையெழுத்திட வேண்டும். அவ்வேளையில் அறையில் வேறெவரும் இருக்கலாகாது, செவிலி உட்பட. பத்தொன்பது ஆண்டுப் பணியில் எந்த விதியையும் மீறாதவர் அவர். படிவத்தையும் பேனாவையும் அவள் மார்பின்மேல் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தி, தாயும் மகனும் நெருங்காதபடி குறுக்கே நின்றார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. கையெழுத்து வந்ததும் கிளம்பிடலாம்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

பிறகு, தரையில் ஈரப்பாதங்கள் ஒட்டிப் பிரியும் ஓசை.

எழ முடியாதவள் எப்படி நடக்கிறாள்?

கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டிலிருந்து நீண்ட கை படிவத்தைக் கொடுத்தது. செவிலி வாங்கிக்கொண்டார். கொதிக்க வேண்டிய விரல்கள் கிணற்றுக் கல்லாய்ச் சில்லிட்டிருந்தன. கதவு மூடிற்று. உள்தாழ் விழுந்தது.

கோடு 'வரவில்லை' என்ற கட்டத்தில் இருந்தது. அதன்கீழ், நடுக்கமே இல்லாத கையெழுத்து.

எட்டிப் பார்த்த கணவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது மூத்தவ கையெழுத்து."

செவிலி கதவைத் தோளால் இடித்தார். அது அசையவில்லை. அறையின் மறுகோடியில், கட்டிலிலிருந்து, வறண்ட குரல் ஒன்று கேட்டது.

"அக்கா, வர்றேங்கற கட்டம் எதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. இவங்க காட்ட மாட்டேங்கறாங்க."