பறித்த கை

நிறைமதி கையை உயர்த்தியதும் பின்னால் வந்த ஏழு பேரும் நின்றார்கள். ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் நீலப் பூக்கள் இதழ் கூம்பிக்கொண்டிருந்தன. மூன்றே நிமிடத்தில் சரிவு முழுக்க வெறும் பச்சை.

"உங்கள்ல யாரோ முன்னாடி இங்க பூப் பறிச்சிருக்கீங்க" என்றாள்.

மேகக்கானல் இயற்கை மையத்தின் பங்குனி நடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த விதி தெரியும். பறித்துப் பறித்தே மலை மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில், நிறைமதிதான் இந்தச் செடிகளுக்குள் மணநினைவைப் புகுத்தினாள். தண்டை ஒடித்த கையின் வியர்வை வாசனையைச் செடி மறக்காது. அந்த ஆள் மறுபடி வந்தால் பூவை மூடிக்கொள்ளும். காற்றில் ஒரு வாசம் விட்டுப் பக்கத்துச் செடிகளையும் உஷார்ப்படுத்தும். மூடிய பூவில் தேனீ உட்காராது, விதை பிடிக்காது. ஆளைக் கீழே அனுப்பினால் பத்து நிமிடத்தில் திறந்துவிடும்.

இத்தனை காலமும் அவள் நகரத்து ஆய்வகத்தில் இருந்தாள். பதினோரு வருடம் கழித்து இன்றுதான் மலையேறியிருந்தாள், பெருமையோடு.

முதலில் இன்னாசிமுத்துவைப் போகச் சொன்னாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஏறும்போதே அவளிடம் இரண்டு முறை எதிர்த்துப் பேசியவர்.

"நான் இந்த மலைக்கே இப்பத்தான் வர்றேன், மேடம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவர் முறைத்துவிட்டு இறங்கினார். பூக்கள் திறக்கவில்லை. அடுத்து இரண்டு பேரை அனுப்பினாள், பிறகு இன்னும் இரண்டு பேரை. போகிறவர்கள் அவளைத் திட்டினார்கள், நிற்கிறவர்களையும் திட்டினார்கள். மிஞ்சியது ஒரு புதுமணத் தம்பதி. கல்லூரி நாட்களில் ஒருமுறை இங்கே வந்ததாகக் கணவன் சொல்லியிருந்தான். யாரோடு என்று சொன்னதில்லை. மனைவி அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். நிறைமதி முதலில் அவளை அனுப்பினாள், கடைசியாக அவனையும் அனுப்பினாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. பாதையில் நிறைமதி மட்டும்தான் இருந்தாள். ஒரு பூவும் திறக்கவில்லை.

மணநினைவு வேலை செய்கிறதா என்று பார்க்க, முதல் செடிகளின் தண்டுகளை நூற்றுக்கணக்கில் ஒடித்தது அவள் கைதான். நினைவு செடியோடு செத்துவிடும், விதைக்குப் போகாது என்று ஆய்வறிக்கையில் உறுதியாக எழுதியதும் அவள்தான். அந்த முதல் செடிகளின் விதையைத்தான் இந்த மலை முழுக்கத் தூவியிருந்தார்கள்.

அவள் வேகமாக இறங்கினாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது, அவள் விட்டுவந்த இடத்திலிருந்து நீலம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

கீழே வாசற்கதவருகே எல்லாரும் கொதித்துப்போய் நின்றார்கள். திறந்ததா என்று ஒருத்தர் கேட்டார்.

"திறந்துடுச்சு" என்றாள். பொய்யில்லை.

உடனே எல்லாருடைய பார்வையும் ஏழு பேரில் கடைசியாக இறங்கிய கணவன்மேல் திரும்பியது. அவன் மனைவி இரண்டடி விலகிப் போனாள். அவன் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தர் அவன் சட்டையைப் பிடித்தார். நிறைமதி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவன் இங்கயே கிடக்கட்டும்" என்றார் இன்னாசிமுத்து. "நாம மறுபடி மேல போவோம். நீங்க முன்னாடி நடங்க, மேடம்."

ஆறு பேரும் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள். நிறைமதி கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.