அவள் சொன்ன தப்பான அர்த்தம்

சளப்!

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தேங்கியிருந்த மழைநீரில் ஒருவன் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தான். சேறு அவளுடைய மூக்குக்கண்ணாடி வரைக்கும் தெறித்தது. வளர்ந்த ஆண்பிள்ளை... மீசை வேறு இருக்கிறது!

"பியூரைல்!" என்று சீறினாள்.

அவளுக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. கோபம் வந்தால் அன்றைக்கு மேசையில் கிடந்த ஆங்கில வார்த்தைதான் வாயில் வரும். அவன் திரும்பினான். இமையெல்லாம் மழைத்துளி... நடுவே சிரிக்கிற இரண்டு கண்கள்.

"மன்னிச்சிடுங்க, நீங்க நின்னதைக் கவனிக்கல... ஆமா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லத்தான் நா எழவில்லை.

"அது வந்து... குழந்தை மனசுன்னு அர்த்தம்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அட, திட்டுறீங்கன்னுல்ல நினைச்சேன்! நான் ஷூ கம்பெனிங்க. மழைக்குப் போடுற ஷூவுல தண்ணி இறங்குதான்னு பார்க்கணும். குதிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே!"

அதன் பிறகு மாலையானால் அதே நிறுத்தம், அதே பேருந்து. யார் பேச்சில் பிழை வந்தாலும் அவள் திருத்தாமல் விடமாட்டாள். அவன் அவளுக்கு 'அகராதி' என்று பேர் வைத்தான்.

"அகராதி புடிச்சவன்னு சொல்றீங்களா?"

"சேச்சே... அகராதி புடிச்சது எனக்குத்தாங்க!"

அவள் சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். "கண்ணாடி முன்னாடி என்னடி இவ்வளவு நேரம்?" என்று வீட்டில் அக்கா கேட்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

ஒருநாள் அவன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். குழந்தைகளுக்கான புது மழை ஷூ. மூடியில் பெரிய எழுத்தில்... பியூரைல்.

"நான் வச்ச பேரு! நாளைக்கு முதலாளி, வெளிநாட்டு வியாபாரிங்க எல்லாரும் வர்றாங்க. நான்தான் எழுந்து பேசணும்."

சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் இவன் மானம் கப்பலேறும். சொன்னால் இந்தக் கண்கள் இனி இப்படிப் பார்க்குமா?

"இந்தப் பேரு வேண்டாங்க," என்றாள். "நான் சொன்னது தப்பான அர்த்தம். பொடிப்பசங்க மாதிரி நடந்துக்கிறதுன்னு அர்த்தம்தான்... ஆனா பசங்களைப் பார்த்து அதை யாரும் சொல்றதில்ல. வளர்ந்தவங்களைத்தான் சொல்லுவாங்க, அதுவும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு. வயசுக்கேத்த புத்தி இல்லன்னு ஏளனம் பண்ற வார்த்தை அது."

அவன் மூடியையே பார்த்தான்.

"அன்னைக்கு என்னை அப்படித்தான் நினைச்சீங்களா?"

"...ஆமா."

"நான் இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிப் பெருமையடிச்சேங்க."

பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். கோபித்துக்கொண்டு போகிற யாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள் அவள். போனால் போகட்டும் என்று நின்றாள். நிற்க முடியவில்லை.

"நில்லுங்க!"

ஓடிப்போய் வழிமறித்தாள். கண்ணாடியில் வழிந்த மழையில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தைரியம் வந்ததோ என்னவோ...

"திட்டத்தான் வாயைத் திறந்தேன். நீங்க திரும்பிப் பார்த்துட்டீங்க... அதுக்கப்புறம் திட்ட வரல. இத்தனை வருஷ வேலையில தெரிஞ்சே நான் சொன்ன ஒரே தப்பான அர்த்தம் அதுதான். உங்களைப் பிடிச்சுப் போச்சு, அதனால சொன்னேன். போதுமா?"

அவர்களுடைய பேருந்து வந்தது, நின்றது, போயும் விட்டது. அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றித் தன் கைக்குட்டையால் துடைத்து மாட்டிவிட்டான்.

"பெட்டியில பேரை மாத்திடலாம். ராத்திரிக்குள்ள வேற யோசிச்சிடுவேன்," என்றான். "நீங்க கடைசியா ஒண்ணு சொன்னீங்கல்ல... அதை மட்டும் நாளைக்கு வந்து தப்பான அர்த்தம்னு சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.