எதிர்காற்றில் வந்தவை

கதவைத் திறந்ததும் வினோதினி கண்டது, கூடத்தின் நடுவில் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றிருந்த குருவியைத்தான். ஆளைக் கண்டால் பறக்க வேண்டாமா, அது பறக்கவில்லை. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு துண்டு வால். சன்னல் கண்ணாடியில் மோதியிருக்கும் போல. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சிதம்பரத்து ஸ்கேன் சென்டரில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, செம்மண்டலம் வரை பஸ்ஸிலும் நின்றே வந்தவளுக்கு, அதை விரட்டக்கூடத் தெம்பில்லை.

மகள் ரேகாவை விட்டுப்போக வந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆறுமணிக் குருவிம்மா. வெயில் காலம் வந்தா வடக்கப் போவும். கடல்ல புயல் சுத்துதுல்ல, எதிர்காத்துல முட்டிக்கினு வழிமாறி எறங்கிட்டுது. தெருவெல்லாம் வுழுந்து கெடக்குதுங்க. வெளக்கு வெக்கிற நேரத்துல வந்தத வெரட்டாத, இருக்கட்டும்."

லைலா என்று அந்தப் புயலுக்குப் பேர் வைத்திருந்தார்கள். பேர் என்னவோ அழகுதான். இரண்டு நாளாக வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் வியர்த்தது, காயப்போட்டது எதுவும் காயவில்லை. வினோதினி குருவியின் கழுத்தைப் பார்க்காமலே விளக்கேற்றினாள். பங்குனியில் அவள் புருஷன் மணவாளன் பெண்ணாடம் ரோட்டில், லைட் இல்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் பைக்கோடு போய் மோதினான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவன் கழுத்தும் அப்படித்தான் இருந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். அவளுக்குப் படுவதற்குக் காலே மிச்சமில்லை.

விடியும்போது குருவி செத்துக் கிடந்தது. ரேகா ஓயாமல் அழுதாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, கருவேப்பிலைச் செடியடியில் கரண்டியால் மண்ணைக் கிளறிப் புதைத்தாள் வினோதினி.

"நல்ல எடத்துக்குப் போ," என்றாள்.

"போன்னு சொல்லக்கூடாதும்மா. போயிட்டு வான்னு சொல்லணும். நீதான சொல்லிக் குடுத்த."

வெளியே கிளம்புகிறவர்களைப் 'போ' என்று அனுப்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். செத்தவர்களிடம் மட்டும் 'போயிட்டு வா' சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு அதையெல்லாம் யார் விளக்குவது, பஸ் போய்விடும்.

"சரி. போயிட்டு வா," என்றாள் மண்ணைப் பார்த்து.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோதே ஈரமண் நாற்றம் முகத்தில் அடித்தது. அதற்கடியில் நனைந்த இறகின் முடை. கூடம் முழுக்கக் குருவிகள். செருப்பு ஸ்டாண்டில், டிவி மேல், மணவாளனின் போட்டோ சட்டத்தில், எல்லாம் கழுத்து சாய்ந்து, அலகில் மண் ஒட்டி நின்றன. ஆறு மணியானால் விசில் அடிக்கிற ஜாதி அது. அவை வாயைத் திறந்தன. சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்தன.

நடுவில் ரேகா சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

"தெருவுல செத்துக் கெடந்ததுக்கெல்லாம் போயிட்டு வான்னு சொன்னேம்மா. எல்லாம் வந்துட்டுது."

வினோதினி துடைப்பத்தை எடுத்தாள். எதிரில் நின்ற குருவியைப் பார்த்து, "போ," என்றாள். அடிக்கக்கூட இல்லை. குருவி அப்படியே சரிந்து விழுந்தது. விறைத்துப் போயிருந்தது. கண்ணில் எறும்பு மொய்த்தது.

இன்னொன்றைப் பார்த்தாள். "போ." அதுவும் விழுந்தது.

"வேணாம்மா," என்று ரேகா அலறினாள். "அப்படிச் சொல்லாத. அப்பாவும் பாவம்ல."

"அப்பாவுக்கு என்ன?"

"அப்பாவத் தூக்கும்போது நான் சொன்னேன்ல, போயிட்டு வாப்பான்னு. அவுங்களுக்கு ரொம்ப தூரம். அதான் லேட்டு."

அவன் வந்துவிட மாட்டானா என்று அவள் அழாத நாளில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இப்போது சாமி படத்தைப் பார்த்து, வர வேண்டாம், இப்படி வர வேண்டாம் என்று வேண்டினாள். ரேகாவை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இருப்பது இந்த ஒன்றுதான். இதை மட்டும் விட்டுவை.

கரண்ட் போனது. சாமி விளக்கு மட்டும் எரிந்தது. குருவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின, வாசலைப் பார்த்து.

கேட் கிறீச்சிட்டது.

கால் இழுபடும் சத்தம். ஒரு கால். அப்புறம் இன்னொன்று. புளித்த கரும்புச்சாற்று வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. யாரோ கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது, தட்டக்கூட முடியாமல்.

"அப்பா," என்று பிடியை உதறிக்கொண்டு ஓடினாள் ரேகா. தாழ்ப்பாள் திறந்தது.

மணவாளன்தான். அவனைப் புதைத்த கெடிலக்கரை மண் தலையிலிருந்து வழிந்தது. கழுத்து சாய்ந்திருந்தது. முகத்தில் கோபமில்லை, கொடுமையில்லை. களைப்பு. அவ்வளவு களைப்பு. ரேகா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஒரு சொல் போதும். வினோதினிக்குத் தெரியும். அவன் மண்ணேறிய கையை மகள் தலையில் வைத்தான்.

"போ!"

அவன் விழவில்லை.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை அவள் அப்படிச் சொன்னதே இல்லை. சண்டையில்கூட 'போங்க மாமா'தான். அந்த வீட்டில் 'போ' ஒருத்திக்குத்தான். போ, பல்லு தேய். போ, படி. போ, தூங்கு.

ரேகாவின் கைகள் நழுவின.

"ஏ... ரேகா..."

அவன் குனிந்து மகளைத் தூக்கினான். தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து, குருவிகளுக்கு நடுவே விளக்கடியில் உட்கார்ந்தான். மடியில் அவளை நிமிர்த்தி வைத்தான். இரண்டு கழுத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நான்கு கண்களும் திறந்தே இருந்தன.