வெளிச்சத்துக்கு வராதவை

அன்று காலை மொய்னாக்கள் மேலே வரவில்லை.

மீன்குஞ்சுகளுக்குத் தீனியாக றமீஸா கொல்லைச் சீமெந்துத் தொட்டியில் வளர்த்த நீர்ப்பூச்சிகள் அவை, கடுகைவிடச் சிறியவை. வெயில் ஏறினால் புகைபோல மேலெழுந்து, தண்ணீர் கொதிக்கிறதோ என்று நினைக்கும்படி துள்ளும். இன்று அடிமூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்தன. தொட்டியைச் சுற்றி ஈரக் காலடிகள். பர்ஸானாவினுடையவைதான். கணவனின் தங்கை, பக்கத்து வீடு, விடியலில் இந்தக் கிணற்றில்தான் அவள் தண்ணீர் அள்ளுவாள்.

"தொட்டிக்குள்ள குளோரின் கொட்டினியா?"

"அல்லாட மேல ஆணை மச்சி, நான் அந்தப் பக்கமே போகல்ல."

றமீஸா தண்ணீரை முகர்ந்தாள். ஒரு வாடையும் இல்லை. வாடையில்லாத வேறு நஞ்சோ என்று சந்தேகம் கூடியது. அன்று முழுவதும் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும்போதெல்லாம் சமையலறை யன்னலோரம் போய் மறைந்து நின்று, பர்ஸானாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழக ஆய்வுக்கு மீன் வாங்க வந்த தக்ஷாயினி ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோனாள். மறுநாள் பின்னேரம் அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆரும் நஞ்சு போடல்ல றமீஸா. தொட்டிக்கு மேல நிழலுக்குக் கட்டின பிளாஸ்டிக் தறப்பாள் வெயிலுக்கு உக்கிப் பொடியா விழுது. பாசியெண்டு நினைச்சு இதுகள் திண்டிருக்கு. குடல் முழுக்கப் பிளாஸ்டிக். வயித்தில முட்டையே இல்ல."

"பொடி ஒண்டும் என்ட கண்ணுக்குத் தெரியல்லையே?"

"நுணுக்குக்காட்டியிலயும் தெரியாத பொடிதான் கூட இருக்கும். பழைய தண்ணிய எங்க ஊத்துறீங்க?"

றமீஸா கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கிணற்றடியில்தான். வழமையாக அங்கேதான்.

அந்தி மஹ்ரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. வாவிப்பக்கக் காற்று நின்றுபோய், ஈரச் சீமெந்தின் வாடை மட்டும் கொல்லையில் தங்கியிருந்தது. பர்ஸானா கிணற்றுக் கட்டில் கையூன்றிக் குனிந்து நின்றாள். வாளி காலடியில் கிடந்தது.

"பர்ஸானா, அள்ளாத!"

அவள் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்க மச்சி. மேல வருகுது."

றமீஸா எட்டிப் பார்த்தாள். ஆழத்திலிருந்து வெண்புகை. மொய்னாக்கள். எண்ணிலடங்காதவை. எல்லாவற்றின் குடலும் வெளுத்திருந்தது. வெளிச்சத்தைத் தேடி வரவில்லை. வெளிச்சமே இல்லை.

நீர்மட்டத்தில் திரண்டன. நெற்றி. கண்குழிகள். மூக்கு.

பர்ஸானாவின் முகம்.

தண்ணீரில் விழும் நிழல்தான். நிழலாகத்தான் இருக்கும். றமீஸா பக்கத்தில் திரும்பினாள். பர்ஸானாவின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

கீழே, அந்த வெள்ளை வாய் மெதுவாகத் திறந்தது.