மண்ணுக்குள் ஒரு காது

துணி உரசும் சத்தம்தான் முதலில் கேட்டது.

மஹ்மூதா திரும்பி, பக்கத்தில் இருந்த அக்கா மகள் சுபியாவின் துப்பட்டாவைப் பார்த்தாள். அது அசையவில்லை. சுபியா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய தாயின் மய்யித்தை ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சற்று நேரம்தான் ஆகிறது. கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கிருத்திகைக் கூட்டம் மஞ்சள் துணியும் பூக்காவடியும் வியர்வையுமாக மலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பம்பை மேளத்தின் அதிர்வு தரை வழியாக அவள் உள்ளங்காலுக்கு ஏறியது. சத்தம் வரவில்லை. வரவும் வழியில்லை. கருவி மாட்டாத நேரத்தில் அவளுக்கு இந்த உலகத்தில் எதுவுமே கேட்காது.

ஆனால் துணி உரசியது. மறுபடியும். மிக அருகில்.

வலது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். வெறும் முடி.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அவள் தலைக்குள்ளிருந்த இரண்டு கட்டிகளை எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் அவற்றோடு போயின. நரம்பு இருப்பவர்களுக்குக் காதுக்குள் கருவி வைக்கலாம்; அவளுக்கு அந்தப் பாதையே இல்லை. அதனால் காதை விட்டுவிட்டு, மூளைத்தண்டின் மேலேயே நகத்தைவிடச் சிறிய ஒரு தகட்டைப் பதித்தார்கள். அந்த உள்பாகத்துக்கு பேட்டரி கிடையாது, தானாக எதுவும் செய்யாது. காதில் மாட்டும் வெளிப்பாகம்தான் மைக்கில் சத்தத்தை வாங்கி, மின்குறிகளாக மாற்றி, தலைமேல் ஒட்டும், காயில் எனப்படும் ஒரு வட்டமான கம்பிச்சுருள் வழியாகத் தோலுக்கு அந்தப் பக்கம் அனுப்பும். உள்ளே வேண்டிய மின்சாரமும் அதே வழியில்தான் போகும். தோலின் கனம், அவ்வளவுதான் அது தாண்டக்கூடிய தூரம். காயிலை ஒரு விரல் தள்ளிப் பிடித்தால் போதும், உலகம் அணைந்துவிடும்.

அப்படிக் கிடைப்பதும் பழைய சத்தமல்ல. கருவியை முதலில் போட்ட அன்று எல்லாமே ஒரே இரைச்சல். எந்த இரைச்சல் எதனுடையது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து மூளை பழக வேண்டும். பழக்கியவள் அக்கா நஸியா. டம்ளரைக் கீழே போடுவாள். முறத்தில் அரிசியைச் சாய்ப்பாள். முதுகுக்குப் பின்னால் செருப்போடு நடந்து, முன்னால் வந்து நின்று, "யாரு நடந்தது சொல்லு? உன் மாமியாரா, யானையா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

இன்று மதியம் அந்த நஸியாவைத்தான் குளிப்பாட்டினார்கள். இலந்தை இலை போட்ட வெந்நீர் தெறித்துக்கொண்டே இருந்தது. நனையக் கூடாதென்று மஹ்மூதா கருவியைக் கழற்றி, பக்கத்தில் விரித்து வைத்திருந்த கஃபன் துணியின் ஓரத்தில் வைத்தாள். பிறகு நஸியாவை அந்தத் துணியில் கிடத்தி, அடுக்கு அடுக்காக மடித்துக் கட்டினார்கள். கட்டியவர்களில் மஹ்மூதாவும் ஒருத்தி. ஒன்றும் கேட்காமல் இருப்பது அந்த நேரத்துக்குச் சரியாக இருந்ததால், கருவியை அவள் நினைக்கவே இல்லை.

இப்போது அரிசி சாயும் சத்தம் கேட்டது. முதலில் பிடி பிடியாக. பிறகு முறம் முறமாக.

அரிசி அல்ல, மண்.

கபர் தோண்டும் முறை அவளுக்குத் தெரியும். கீழே உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம், அதன்மேல் பலகைகள், பலகைமேல் பாய், அதற்கும் மேலேதான் மண். அதனால் மண் உடம்பைத் தொடாது. பலகைக்கும் உடம்புக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். சத்தம் அந்த வெற்றிடத்துக்குள்ளிருந்துதான் வந்தது. மேலே அடைத்துக்கொண்டு, கனமாக, ஒவ்வொரு கொட்டலுக்கும் இன்னும் மங்கலாக. பிறகு செருப்புகள். நிறைய செருப்புகள். விலகி விலகிப் போயின. அடக்கிவிட்டுத் திரும்புகிறவர்களின் காலடி மய்யித்துக்குக் கேட்கும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

கபர்ஸ்தான் ஊருக்கு வெளியே, அரக்கோணம் ரோட்டில் இருந்தது.

கணவன் கலீமுல்லா வந்ததும் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். தன் குரல் தனக்குக் கேட்காமலே பேசிப் பழகியவள்.

"என் மிஷினு நஸியா ஆபாவோட போயிடுச்சுங்க. கஃபனுக்குள்ள."

அவன் வாயைப் பார்த்துப் படித்தாள். "இன்னா சொல்ற நீ?"

"எனக்குக் கேக்குதுங்க."

"இன்னா கேக்குது?"

"உள்ள கேக்கறது."

கலீமுல்லா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூவீலர் மெக்கானிக். அவன் அவளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "பேட்டரி அங்க, வண்டி இங்க. ஸ்டார்ட் ஆவுமா? நீதானே எல்லாருக்கும் கிளாஸ் எடுப்ப, தோலு தாண்டுனா வேலை செய்யாதுன்னு?"

"அதாங்க பயமா இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நைட்டெல்லாம் முழிச்சினு இருந்தல்ல. அதான்."

"எடுத்துக் குடுத்துருங்க. அது வெளிய வந்துட்டா நின்னுடும். இல்லன்னா நானும் அங்கயே கிடக்கறேன்."

ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார்கள். உள்ளே பொருள் விழுந்துவிட்டால் கபரைத் திறந்து எடுக்கலாம், மார்க்கத்தில் இடமுண்டு என்றார். ஆனால் உடனே போக முடியவில்லை. காவடிக் கூட்டத்துக்காகப் போலீஸ் ரோட்டை மறித்திருந்தது. வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு, நஸியாவின் மகன் ஷாருக்கும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு கலீமுல்லாவின் பின்னால் போனார்கள். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. மஹ்மூதா கூடத்தின் மூலையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

காத்திருந்த நேரமெல்லாம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிக்கொண்டாள். கிறீச்சென்பது பலகை, மேலே பாரம் ஏறினால் மரம் அப்படித்தான் முனகும். பொடிப்பொடியாக உதிர்வது பாயின் இடைவெளியில் இறங்கும் மண். துணி உரசுவது, கட்டிய முடிச்சு தளர்வதால். கற்பூர வாசனைகூட வந்தது. அது அவள் கையிலிருந்தே வரலாம். மதியம் அவள்தான் பூசினாள். காதை இரு கைகளாலும் பொத்தினாள். பயனில்லை. பொத்த வேண்டிய இடம் காது இல்லையே. சத்தம் காது வழியாக வரவில்லை. காதுக்கும் பின்னால், எலும்புக்கும் பின்னால், கை போகாத இடத்தில் அது நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் பலகை இன்னும் தாழ்வாக இறங்கியது போலிருந்தது. திறந்தால் கூடம், விளக்கு, ஓதும் உதடுகள். நடுவே அவள். எந்தப் பக்கமும் இல்லாமல்.

பிறகு மேலே, வெகு தூரத்தில், ஓர் அடி.

இன்னொன்று.

மண்வெட்டி. வந்துவிட்டார்கள். அவள் கண்ணில் நீர் வந்தது. ஒவ்வொரு வெட்டும் சற்றுக் கிட்டே வந்தது. மண் விலக விலகச் சத்தம் தெளிந்தது. பாயை இழுத்தார்கள். ஒரு பலகை எழும்பியது. உடனே காற்று, அதோடு பம்பை, அத்தனை தொலைவிலிருந்து மலையடிவாரத்துப் பம்பை. தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்த அதே தாளம். பிறகு ஷாருக்கின் குரல், நேர் மேலே, உடைந்து: "அம்மா." துணி பிரிந்தது. விரல்கள். ஏதோ ஒன்று வெடுக்கென்று பிடுங்கப்பட்டது.

வெளியே வந்துவிட்டது. இனி அது அவன் சட்டைப் பையில் இருக்கும். அவன் நடப்பது கேட்கும், கூட்டம் கேட்கும், பிறகு நின்றுவிடும்.

அவள் காத்திருந்தாள்.

துணியை மறுபடி மூடினார்கள். முகத்துக்கு மிக அருகே.

பலகை.

அடுத்த பலகை.

பம்பை நின்றது.

மண்.

"இல்ல," என்றாள் மஹ்மூதா. "இல்ல, இல்ல." பாயிலிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாவம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

அவர்கள் வந்தபோது ஷாருக்கின் முழங்கால்வரை மண். கைக்குட்டையைப் பிரித்துக் கருவியை நீட்டினான்.

"லைட் எரியல காலாம்மா. எடுக்கும்போதே செத்துத்தான் கிடந்துச்சு," என்றான். பிறகு கலீமுல்லாவைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்பது போல.

"சொல்லுடா," என்றாள்.

"மடிப்புல இல்ல. அம்மா காதுக்குப் பின்னால ஒட்டிக்கினு இருந்துச்சு. வரவே இல்ல. இழுத்துதான் எடுத்தேன்."

காயிலின் நடுவே ஒரு சிறு காந்தம் உண்டு. அது சும்மா யார் தலையிலும் நிற்காது. மண்டை எலும்பின்மேல், தோலுக்கு அடியில், அறுவை செய்து வைத்த இன்னொரு காந்தம் இருந்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நஸியாவின் தலையில் யாரும் எந்தக் காலத்திலும் கத்தி வைத்ததில்லை.

மஹ்மூதா பேட்டரியை மாற்றினாள். பச்சை விளக்கு எரிந்தது. காதில் மாட்டி, காயிலை அதன் வழக்கமான இடத்தில் வைத்துக் கையை எடுத்தாள்.

மடியில் விழுந்தது.

மறுபடி வைத்தாள். விழுந்தது. முடியை விலக்கிவிட்டு, பழைய தழும்பைத் தேடி வைத்தாள். தழும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை.

"காந்தம் வீக்காயிடுச்சு போல," என்று கலீமுல்லா அதை வாங்கி ஓர் இரும்புக் கரண்டியில் வைத்துப் பார்த்தான். கரண்டியில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. தலைகீழாக ஆட்டினான். அசையவில்லை. பிறகு அவனே அதைப் பிடுங்கி, அவள் காதுக்குப் பின்னால் மெதுவாக வைத்து, விரலை எடுத்தான். அது வழுக்கிக்கொண்டு தோளில் பட்டுத் தரையில் உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை. அவளைத் தொட்ட கையைத் தன் லுங்கியில் துடைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

மண் விழுவது முடிந்திருந்தது. செருப்புகளும் போய்விட்டன.

இப்போது ஒன்றுமே இல்லை. வெற்றிடம். அதற்குள் கற்பூரம். இத்தனை ஆண்டுகளில் கருவி தந்த கரகரப்பு எதுவும் அதில் இல்லை. கட்டி வருவதற்கு முன் இருந்த நல்ல காதுக்குக் கேட்பது போலத் துல்லியமாக இருந்தது. துணிக்குள் ஒரு விரல் மடங்குவது கேட்டது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். மடியில் அப்படியே கிடந்தன. தூக்கப் பார்த்தாள். தோள் எதிலோ இடித்தது.

கத்தினாள்.

தன் சொந்தக் குரல். தெளிவாக, முழுசாக, மறந்தே போன அவள் குரல். முகத்துக்கு மேலே பலகையில் மோதி, உடனே திரும்பி அவள்மேலேயே விழுந்தது. இன்னும் உரக்கக் கத்தினாள்.

எதிரே சுபியா டீ கிளாஸோடு குனிந்து, அவள் முகத்தையே பார்த்தாள். அந்த உதடுகள் பொறுமையாக, படிப்பதற்கு வசதியாக, நிறுத்தி நிறுத்தி அசைந்தன.

"இன்னா காலாம்மா, எவ்ளோ நேரமா கேக்கறேன். ஒரு வார்த்த பேசக் கூடாதா?"